நாவின் வேலையை விரல் செய்கிறது

சுபுஹுக்குப் பாங்கு சொல்லி முடியும் முன்பே நம்மில் பலருடைய கை தலையணைக்கு அடியில் போய்விடுகிறது. தஸ்பீஹ் மணியைத் தேடியல்ல, செல்போனைத் தேடி. ஒளுச் செய்ய எழும் முன் இரவெல்லாம் யார் யார் என்ன அனுப்பினார்கள் என்று பார்த்தாக வேண்டும். எதற்காகப் பார்க்கிறோம் என்று கேட்டால் பதில் இல்லை. செயல்களுக்கெல்லாம் நிய்யத்தே அடிப்படை என்று மத்ரஸாவில் சிறு வயதிலேயே மனனம் செய்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நம்மிடமிருந்து நிய்யத்தே இல்லாமல் ஒரு செயல் நாளொன்றுக்குப் பலமுறை நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

கை ஏன் தானாகப் போகிறது? மனோதத்துவ அறிஞர்கள் இதற்கு விடை கண்டு வெகுகாலமாகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்கின்னர் என்பவர் புறாக்களைக் கூண்டில் வைத்து, பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும்படி செய்து பார்த்தார். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபடி வைத்தபோது புறா ஓயாமல் கொத்தியது. தானியம் விழுவதை அடியோடு நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. இத்தகைய சோதனைகளின் முடிவுகளை ஃபெர்ஸ்டர் என்பவருடன் சேர்ந்து 1957-ல் பெரிய நூலாகவே வெளியிட்டார். சூதாட்ட இயந்திரத்தின் முன் மனிதன் உட்கார்ந்துவிடுவதும் இதே விதியின்படிதான். சூதை மார்க்கம் ஏன் ஹராமாக்கியது என்பதற்கு நமக்கு ஸ்கின்னரின் சாட்சி தேவையில்லை. ஆனால் செல்போன் திரையும் அதே விதியில் இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம். ஒன்பது முறை திறந்தால் ஒன்றுமிருக்காது, பத்தாவது முறை ஏதோ ஒன்று இருக்கும்.

2006-ல் ராஸ்கின் என்ற பொறியாளர், பக்கம் முடிவே இல்லாமல் கீழே நகர்ந்துகொண்டிருக்கும் முறையை வகுத்தார். பின்னர் அவரே அதற்காக வருந்திப் பேசினார். 2009-ல் ஃபேஸ்புக்கில் 'லைக்' பொத்தான் வந்தது. அந்த நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மனித மனத்தின் பலவீனம் ஒன்றை அறிந்தே பயன்படுத்திக்கொண்டோம் என்று 2017-ல் வெளிப்படையாகச் சொன்னார். உம்ராவுக்குப் போனவர் கஅபாவை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தவாஃபுக்கும் ஸயீக்கும் இடையில் எண்ணிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் ரியா. அது எங்கிருந்து தூண்டப்படுகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

செல்போன் ஹராம் என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. வளைகுடாவில் பாடுபடும் வாப்பாவின் முகத்தைப் பிள்ளை தினமும் பார்ப்பது இதனால்தான். முன்பு அவர் குரலைக் கேசட்டில் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்பிக் கேட்க வேண்டியிருந்தது. நம்முடைய கவலை வேறு. நிய்யத் இல்லாமல் எடுத்த கை, யோசனை இல்லாமல் அனுப்பியும் விடுகிறது.

பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில், தொலைந்த கழுத்து மாலையைத் தேடிச் சென்றதால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்தங்கிவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் அன்னையைத் தம் ஒட்டகத்தில் ஏற்றி அழைத்து வந்தார்கள். நடந்தது இவ்வளவுதான். முனாஃபிக்குகளின் தலைவன் ஒரு சொல்லை அவிழ்த்துவிட்டான். ஒரு மாத காலம் மதீனா அதைப் பேசியது. கட்டியவன் முனாஃபிக், ஆனால் பரப்பியவர்களில் நல்ல முஃமின்களும் இருந்தார்கள் என்பதுதான் நம்மை நடுங்கவைக்க வேண்டிய செய்தி. பத்ரில் கலந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி) கூட அதில் சிக்கினார்; கசையடியும் பெற்றார். நூர் அத்தியாயத்தில் அல்லாஹ் அன்னையின் பரிசுத்தத்தை அறிவித்ததோடு, அறிவில்லாததை வாயால் பரப்பி அதை அற்பமென எண்ணியவர்களையும் கண்டித்தான்.

அபூ அய்யூப் (ரலி) அவர்களின் வீட்டில் மட்டும் வேறுவிதமாக நடந்தது. பேச்சு வந்ததும் அவர் தம் மனைவியிடம், நீ அப்படிச் செய்வாயா என்று கேட்டார். ஒருபோதும் மாட்டேன் என்றார் அவர். அன்னை உன்னைவிட மேலானவர்கள் என்று சொல்லி அபூ அய்யூப் அப்பேச்சை வீட்டோடு முடித்துவிட்டார்.

இன்று நடப்பதைப் பாருங்கள். கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுத்த ஒரு விழிப்புணர்ச்சிப் படத்தின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்துவிட்டது என்று நம் நாட்டில் வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வ வழிபாட்டுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தது. ஏற்கெனவே வதந்தியால் மிரண்டிருந்த கூட்டம் அவர்களை அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அதே ஆண்டு ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் 5 பேர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார்கள். அம்மாதமே வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. நமக்கு நாமே வைக்காத கடிவாளத்தை நிறுவனம் வைத்தது!

அதே 2018-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், ட்விட்டரில் 11 ஆண்டுகளில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்தார்கள். உண்மையைவிடப் பொய் மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். பொய் புதுமையாக இருக்கிறது, திகைக்கவைக்கிறது, அதனால் மனிதன் தானே முந்தி அனுப்புகிறான். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது இந்த மனத்தை அறிந்துதானே?

தாய்மார்களே! கொலை வேண்டாம், நம் மஹல்லாவுக்குள் வருவோம். ஒரு பெண்ணைப் பற்றி யாரோ பேசிய குரல் பதிவு ஒன்று குடும்பக் குழுவுக்கு வருகிறது. "உண்மையா தெரியல, வந்ததை அனுப்புறேன்" என்று எழுதி அடுத்த குழுவுக்குத் தள்ளுகிறோம். இஷாவுக்குள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போய்ச் சேர்ந்து, பேசி முடித்த சம்பந்தம் நின்றுவிடுகிறது. 'வந்ததை அனுப்பினேன்' என்பது மிஸ்தஹுக்கும் பயன்படாத சமாதானம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் நாவின் தீங்குகளுக்கென்றே தனி நூல் ஒதுக்கினார்கள். அதில் நாவு என்று வருமிடமெல்லாம் விரல் என்று வைத்துப் படித்தாலும் பொருள் மாறாது. ஜாடையாலும் எழுத்தாலும் புறம் பேசப்படும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அனுப்பிவிட்டவர் என்ன செய்வது? தவ்பாச் செய்வது மட்டும் போதாது, இது அடியாரின் ஹக்கு. எந்தெந்தக் குழுவில் போட்டாரோ அங்கெல்லாம், நான் விசாரிக்காமல் அனுப்பினேன், அதை நம்பாதீர்கள் என்று எழுத வேண்டும். 'அனைவருக்கும் அழி' என்று ஒரு வசதி இருக்கிறது, குறிப்பிட்ட நேரத்துக்குள் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்குள் அங்கிருந்து வேறு குழுக்களுக்குப் போனவை அழிவதில்லை. அவை யார் யார் கையில் இருக்கின்றன என்று அனுப்பியவருக்கே தெரியாது. சம்பந்தம் நின்ற வீடு எது என்பது தெரியும். முதலில் மாப்பிள்ளை வீட்டாரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அந்தப் பெண்ணின் உம்மாவைப் பார்க்கப் போகட்டும்.