அச்சத்தை அளப்பது எங்ஙனம்?

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களுள் இறுதியதே செய்தற்கு அரியது என்பது நம் எண்ணம். பசித்தவன் பசி முகத்திலேயே தெரிந்துவிடும். 'அஞ்சி வந்தேன்' என்பவனது அச்சம் மெய்யானதா என்பதை எங்ஙனம் அறிவது? சாரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் செல்லுங்கால், கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமைக் கடக்கும்போதெல்லாம் இவ்வினா நம் உள்ளத்தில் எழும்.

1987ஆம் ஆண்டு இலங்கைத் தமிழர் ஐவர் இங்கிலாந்தில் அடைக்கலம் வேண்டினர். உள்துறை அமைச்சர் மறுத்தார். அம்மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். மேல்முறையீட்டு நீதிமன்றம், திடமனம் உடையவரும் அந்நிலையில் அஞ்சுவாராயின் அதுவே போதும் என்று அக்டோபரில் அவர்கள் பக்கம் நின்றது. அந்நாளில் அந்நாட்டின் இறுதி நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபையோ டிசம்பரில் அத்தீர்ப்பை மாற்றியது. அஞ்சுபவர் உள்ளத்து அச்சம் போதாது. ஆபத்து நேரக்கூடும் என்பதற்குப் புறத்தே தக்க ஆதாரம் வேண்டும். அதை எடைபோடுபவர் அமைச்சரே என்றது. 1988 பிப்ரவரியில் ஐவரும் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இத்தகைய வழக்கில் நீதிபதிகள் அகதியின் கூற்று உண்மையா என்று ஆராய்வதில்லை. அமைச்சர் சட்டப்படி முடிவெடுத்தாரா என்றே பார்ப்பர். ஆசிரியர்களாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். இது மறுகூட்டல், மறுமதிப்பீடு அன்று. நீதிபதியே அமைச்சராகிவிடலாகாது என்னும் நியாயத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் மறுமதிப்பீட்டுக்கு நிகரான முறையீட்டை, நாட்டைவிட்டு அனுப்பப்பட்ட பின்னரே அவர்கள் செய்ய இயலும் என்றிருந்தது அன்றைய சட்டம்! எதற்கு அஞ்சி ஓடினார்களோ அங்கிருந்தே முறையிட வேண்டும்.

முறையிட்டனர். 1989 மார்ச்சில் முறையீட்டு நடுவர் சாட்சியங்களை முழுதும் கேட்டு, அவர்தம் அச்சம் ஆதாரமுள்ளதே என்று முடிவு செய்தார். அவ்வாண்டே இங்கிலாந்து திரும்பினர். எனினும் 1991 அக்டோபர் 30 அன்று, பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர் நகரின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர்களை அனுப்பியது குற்றமன்று என்றும், மறுகூட்டல் போன்ற அந்நீதிமுறையே போதுமான பரிகாரம் என்றும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. நமக்கு மனம் ஒப்பவில்லை. 1993இல் அந்நாட்டுச் சட்டமே, அனுப்புவதற்கு முன்னர் முறையிடும் உரிமையை அளித்தது.

பிறரைக் குறை கூறுமுன் நம்மையும் நோக்க வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு தேர்வின் மறுகூட்டல் பணியில் இருந்தோம். ஒரு விடைத்தாளில் கூட்டல் சரியாக இருந்தது. ஆயின் வேறு வழியில் பிழையறச் செய்த கணக்கொன்று சுழியம் பெற்றிருந்தது. மதிப்பெண் இடுவது நம் பணியன்று என்று கையொப்பமிட்டுத் தாளைக் கட்டில் சேர்த்துவிட்டோம். விதியை நாம் மீறவில்லை. ஒரு சொல் எடுத்துரைப்பதை எவ்விதியும் தடுக்கவும் இல்லை. மேற்பார்வையாளர் அடுத்த மேசையில்தான் அமர்ந்திருந்தார்.