தவறியவன் உயிரும் ஊரார் வரிப்பணமும்

தன் கையாலேயே விஷத்தை எடுத்து உட்கொண்டவனைக் காப்பாற்றும் செலவை, அதைத் தொட்டும் பாராத ஊரார் ஏற்க வேண்டுமா? கேட்ட மாத்திரத்தில் "வேண்டாம்" என்றே பலர் சொல்வர். அவர்களை இரக்கமற்றவர் என்று நாம் ஏசமாட்டோம். வெயிலிலும் மழையிலும் உழைத்து நாலு காசு சேர்த்து, ஒரு வீட்டைக் கட்டி, அதற்கு வரியும் செலுத்துகிறவன், "என் பணம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும், போதையில் விழுந்தவனுக்கு ஏன்?" என்று கேட்பது நியாயமான கேள்வியே. அதற்கு நியாயமான பதில் சொல்லவேண்டும். தருமோபதேசம் செய்து அவன் வாயை அடைத்தல் தகாது.

இக்கேள்வி ஏட்டளவில் நில்லாமல் ஒரு நகரசபையின் வரவு செலவுக் கணக்கிலேயே வந்து நின்றது. கனடா தேசத்தின் மேற்குக் கரையில் உள்ளது வான்கூவர் நகரம். அளவு மீறிய போதையால் மரணங்கள் மலிந்தமையால், 2016 ஏப்ரலில் அந்நகரம் அடங்கிய பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் பொதுச் சுகாதார அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. மார்பினைக் காட்டிலும் 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ள பெண்டனில் என்னும் மருந்து கள்ளச்சந்தைச் சரக்கில் கலந்துவிட்டது. எவ்வளவு கலந்திருக்கிறதென்று வாங்குபவன் அறியான். அவ்வாண்டு டிசம்பரில் நகரசபை சொத்துவரியை 3.9 சதவீதம் உயர்த்தியபோது, அதில் அரை சதவீதத்தை இவ்வாபத்தைச் சமாளிப்பதற்கென்றே ஒதுக்கிற்று. தொகை சுமார் 35 லட்சம் டாலர். நாம் மேலே சொன்ன வீட்டுக்காரனின் கேள்வி அங்கும் எழாமலில்லை.

எங்கோ ஒரு குளிர் தேசத்துக் கணக்கு நமக்கெதற்கு என்று வாசகர் எண்ணவேண்டா. பொதுப்பணமும் போதையும் நம் நாட்டில் நெடுநாள் கைகோத்து நடந்தவை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் அடங்கிய ஆட்சியின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினியால் வந்தது. நம்மவர் வாழ்ந்த தோட்டங்களிலோ கள்ளுக்கடை இருந்தது. விற்றவர் கணக்கில் அது வருமானம். குடித்தவன் வீட்டில் அது பட்டினி. ஊரார் வாயில் அது குடித்தவனுடைய குணக்கேடு! அபினியை விட விரும்பியோருக்கு டாக்டர் சென் சூ லான் முதலியோர் 1933இல் சிங்கப்பூரில் வைத்தியசாலை திறந்தனர். சர்க்காரின் அபினிக் கடைகள் அப்பொழுதும் மூடப்படவில்லை.

ஆயினும் இந்த வாதத்தை வான்கூவர் மீது அப்படியே சாற்ற இயலாது. அந்நகரசபை பெண்டனில் விற்றுப் பிழைக்கவில்லை. ஆகவே வேறு நியாயம் தேடவேண்டும்.

"அவனாகத் தேடிக்கொண்டது" என்கிறோம். முதல் நாள் அது உண்மையாயிருக்கலாம். ஆனால் இந்நோய் கெடுப்பது காலையோ கண்ணையோ மட்டுமன்று. வேண்டாமென்று சொல்லும் அந்த மனத்திண்மையையே முதலில் தின்றுவிடுகிறது. கால் முறிந்தவனை ஓடவில்லை என்று குற்றஞ்சாட்டுவார் உண்டோ? இவ்வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. போதைக்கு அடிமைப்பட்டோர் தாதியர் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் நிலையமொன்று 2003இல் வான்கூவரில் திறக்கப்பட்டிருந்தது. அதற்கு அளித்திருந்த விலக்கை நீட்டிக்க மத்திய அரசாங்கம் மறுத்தது. இதெல்லாம் அவரவர் தெரிவின் விளைவு என்றும் வாதித்தது. 2011இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாய் நிலையத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். அந்நிலையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் இத்தகைய மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன என்றும், நகரின் ஏனைய பாகங்களில் சுமார் 9 சதவீதமே குறைந்தன என்றும் அவ்வாண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று.

இனி மருந்தைப் பார்ப்போம். நலாக்ஸோன் என்பது அதன் பெயர். அபினி இனத்து மருந்து மூளையில் பற்றிய இடத்தினின்று அதைத் தள்ளிவிட்டு, நின்ற மூச்சைச் சில நிமிஷங்களில் மீட்கிறது. மூச்சு நின்று நாலைந்து நிமிஷம் கழிந்தாலோ மூளை கெடத் தொடங்கும். வைத்தியர் வண்டி ஏறி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆதலால் மருந்து இருந்தால் மட்டும் போதாது; அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும். வைத்தியத்தின் நான்கு அங்கங்களை வகுக்குமிடத்து நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் வள்ளுவர் சேர்த்தது நினைவுக்கு வருகிறது.

அந்த நான்காமவன் யார்? 2016 செப்டம்பரில், சட்டத்தின் அனுமதியில்லாமலே, வான்கூவரின் ஒரு சந்தில் தொண்டர்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். அவர்களுள் பலர் தாமே அவ்வழி போனவர்கள். மாகாண அரசாங்கத்தின் உத்தரவு டிசம்பரில்தான் வந்தது. வெள்ளுடை தரித்தவரைக் கண்டால் ஒளியும் ஒருவன், தன்னைப்போல் கிடந்து எழுந்தவனிடம் பேசுவான். "நானும் அங்கேதான் கிடந்தேன்" என்னும் சொல்லை எந்தப் பண்டிதரும் கடன் வாங்கிச் சொல்ல முடியாது.

"இன்று எழுப்பினால் நாளை மறுபடியும் விழுவானே" என்பர். விழுவான், பலர் விழுகின்றனர். மாகாணத்தில் 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 2,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். அரை சதவீத வரி அவ்வெள்ளத்தை நிறுத்திவிட்டதென்று சொன்னால் நாம் பொய்யராவோம். ஆனால் திருந்துவதற்கு ஒருவன் முதலில் உயிரோடு இருந்தாகவேண்டும். அவன் எத்தனையாவது முறை எழும்போது திருந்துவான் என்று கணக்கெழுத எவராலும் முடியாது. வீட்டுக்காரனுக்கு நாம் சொல்லக்கூடிய பதில் இவ்வளவே. அவன் வீடு தீப்பற்றினால், விளக்கை யார் கவிழ்த்தார் என்று விசாரித்த பின்னரா தீயணைப்புக்காரர் வருகிறார்? அதே வரிப்பணத்தில், அதே தீயணைப்புக்காரர், அதே நகரத்தில், மூச்சு நின்றவர்களிடத்தும் ஓடினார்கள்.

ஒன்று மட்டும் நம்மை உறுத்துகிறது. ஓடிய தீயணைப்புக்காரருக்குச் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. சந்துக் கூடாரத்தில் இருந்தவனோ பலகாலம் சொற்பக் கூலிக்கும் வெறும் நன்றிக்கும் உழைத்தான். அவன் எழுப்பியவர்களுள் அவனுடைய நண்பர்களும் இருந்தனர். எழுப்ப முடியாமற்போனவர்களுள்ளும் இருந்தனர். மறுநாள் காலையில் அவன் திரும்பவும் அதே சந்துக்குத்தான் வேலைக்கு வரவேண்டியிருந்தது.