நாளைய கடற்போர்: முன்னறிவும் மனிதனின் தெரிவும்

நாளை ஒரு கடற்போர் நிகழும் என்று இன்று ஒருவன் கூறுவானாயின், அக்கூற்று இன்றே உண்மையாகிவிடுமா? கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டில் எழுப்பிய இவ்வினா மெய்யியல் பயில்வோர் அறிந்ததே. அக்கூற்று இன்றே உண்மையெனின் போர் நிகழ்ந்தே தீரும். இன்றே பொய்யெனின் அது நிகழவே மாட்டாது. இரண்டில் எது மெய்யாயினும், மனிதர் கூடி ஆராய்வதற்கும் முயல்வதற்கும் பொருளில்லாது போய்விடும். ஆராய்தலும் முயற்சியும் நிகழ்வனவற்றை மாற்றவல்லன என்பதை வாழ்வு காட்டுவதால், வருங்காலம் முழுவதும் முன்னரே முடிவாகிவிட்டது என்னும் கொள்கையை அவர் ஏற்க மறுத்தார்.

இவ்வினா ஏட்டளவில் நில்லாது மெய்யாகவே எழுந்த இடங்களுள் திருகோணமலைத் துறைமுகமும் ஒன்று. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பைத் தாக்கிய யப்பானியக் கப்பற்படை, மூன்று நாள்களின் பின் இலங்கைக்குக் கிழக்கே மீண்டும் காணப்பட்டது. தாக்குதல் நேரும் எனக் கணித்த பிரித்தானியர், 8 ஆம் திகதி இரவு துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியேற்றினர். விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மீஸ், தன் விமானங்கள் இன்றியே தெற்கு நோக்கிச் சென்றது. மறுநாட் காலை துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. கணிப்புப் பொய்க்கவில்லை. ஆனால் அக்கணிப்பை நம்பி வெளியேறிய ஹேர்மீஸ், மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத்திலேயே தங்கிய சகெயிங் என்னும் சரக்குக் கப்பலும் குண்டுக்கு இரையாகி எரிந்தது. நெடுங்காலம் நீரடியிற் கிடந்த அதன் உடலை 2018 இல் இலங்கைக் கடற்படையினர் மேலே கொணர்ந்தனர். வரப்போவதை அறிவது ஒன்று. அவ்வறிவாற் காப்புப் பெறுவது வேறொன்று என்பதற்கு இவ்விரு கப்பல்களும் சான்றாகும்.

அப்போர் ஓய்ந்துவிட்டது, வினா ஓயவில்லை. இன்று அது ஒரு குருதிப் பரிசோதனை அறிக்கையின் வடிவில் முதியவர்களின் இல்லங்களுக்கு வந்து சேருகின்றது. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள முன்னிற்கும் சுரப்பியில், அதாவது புரோஸ்டேட்டில், புற்றுநோய் தோன்றின், அது பரவுமுன் அச்சுரப்பியை முழுவதும் அகற்றுவது ஒரு சிகிச்சை முறை. சத்திரசிகிச்சை முடிந்தபின் நோயாளரும் உறவினரும் கேட்பது ஒரே கேள்விதான்: நோய் திரும்பி வருமா?

இக்கேள்விக்குக் குருதியில் விடை தேடும் முயற்சி புதியதன்று. எலும்புக்குப் பரவிய இப்புற்றுநோயில், குருதியிலுள்ள அமில பொசுபற்றேசு என்னும் நொதியம் மிகுவதை 1938 இல் குட்மன் தம்பதியர் வெளியிட்டனர். அந்நொதியத்தை அளவுகோலாகக் கொண்டே சாள்ஸ் ஹகின்ஸ் 1941 இல் இந்நோய் ஓமோன்களைச் சார்ந்து வளர்வதை நிறுவினார். 1966 இல் நோபல் பரிசும் பெற்றார். 1979 இல் அமெரிக்காவின் பஃபலோ நகர ஆய்வாளர்கள் இச்சுரப்பிக்கே உரிய ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். பி.எஸ்.ஏ. என்று வழங்கப்படும் அப்புரதமே இன்று முதன்மையான குறிகாட்டி.

சுரப்பி உடலில் இருக்கும்வரை இக்குறிகாட்டி ஐயத்துக்கு இடமானது. முதுமையில் இயல்பாக நேரும் வீக்கமும் தொற்றும்கூட அதன் அளவை உயர்த்தும். சுரப்பி அகற்றப்பட்டபின் நிலைமை வேறு. ஊற்றே இல்லாதவிடத்து நீர் கசிதல் கூடாது. சில வாரங்களில் அப்புரதம் அளவிட இயலாத அளவுக்குக் குறைந்துவிட வேண்டும். பின்னர் அது மில்லிலீற்றருக்கு 0.2 நனோகிராம் அளவை எட்டி, மறுபரிசோதனையிலும் அவ்வாறே காணப்படின், எங்கோ சில கலங்கள் எஞ்சியுள்ளன என்று மருத்துவர் கொள்வர். வலியில்லை, கட்டியில்லை, பசி குன்றவில்லை. உடல் நலமாயிருக்கையிலேயே எண் பேசத் தொடங்கிவிடுகின்றது.

அவ்வெண் சொல்வது யாது? அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் 1982 முதல் 1997 வரை இச்சத்திரசிகிச்சை பெற்ற 1997 பேரைப் பற்றிய ஆய்வு 1999 இல் வெளியாயிற்று. அவர்களுள் 315 பேருக்கு பி.எஸ்.ஏ. மீண்டும் உயர்ந்தது. முன்கூட்டியே ஓமோன் சிகிச்சை பெற்ற 11 பேர் நீங்கலாக, எஞ்சிய 304 பேருள் 103 பேருக்கே ஆய்வுக் காலத்தினுள் நோய் தொலைவிடங்களுக்குப் பரவியது. எண் உயர்ந்ததிலிருந்து நோய் பரவுதல் வரையான இடைநிலைக் காலம் எட்டு ஆண்டுகள். எண் எத்துணை விரைவில் இருமடங்காகின்றது, சத்திரசிகிச்சைக்குப்பின் எத்தனை ஆண்டு கழித்து உயர்ந்தது, கலங்களின் தன்மை எத்தகையது என்பவற்றைப் பொறுத்து ஒவ்வொருவரின் நிலையும் வேறுபட்டது. எனவே அறிவியல் கூறுவது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி. அந்த 103 பேருள் ஒருவரா, எஞ்சிய 201 பேருள் ஒருவரா என்று தனி மனிதர் ஒருவரை நோக்கி அது உறுதியாக உரைப்பதில்லை.

இவ்விடத்திலேதான் தமிழர் சிந்தனைக்குப் பழக்கமான ஒரு மயக்கம் நேர்கின்றது. எவர்க்கு எது எப்போது வரவேண்டுமோ அது அப்போது வந்தே தீரும், முயற்சி எதனையும் மாற்றாது என்பது ஆசீவகரின் நியதிக் கோட்பாடு. மணிமேகலை அவர்தம் கொள்கையைச் சமயக் கணக்கர் நடுவே எடுத்துரைக்கின்றது. நீலகேசி தனிச் சருக்கமே வகுத்து அதனை மறுக்கின்றது. திருவள்ளுவரோ ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் அமைத்து, இரண்டின் வலிமையையும் உணர்த்தினார். ஆசீவகம் மறைந்து நெடுங்காலமாயிற்று. அதன் மனநிலை மறையவில்லை. சாதகக் குறிப்பை வாசிக்கும் அதே கண்ணுடன் பரிசோதனை அறிக்கையை வாசிப்போர் உளர். சாதகம் பிறந்த நேரத்தோடு முடிந்துவிடுவது. குருதியின் எண்ணோ மூன்று மாதத்தின் பின் மீண்டும் அளக்கப்படுவது, சிகிச்சையால் மாறக்கூடியது. விதியின் குரலாக அதனைக் கேட்போர் அதன் பொருளையே இழந்துவிடுகின்றனர்.

எண்ணின் தன்மை இதுவாயின், அதை அறியும் உரிமை யாருடையது? திருகோணமலைத் துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் ஆண்டில் அவரது எண் 0.3 ஆகின்றது. அறிக்கை ஆங்கிலத்தில் உள்ளமையால் அதனை முதலில் வாசிப்பவர் மகனே. “ஐயாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மனம் உடைந்துவிடுவார்” என்று வீட்டார் தமக்குள் முடிவு செய்கின்றனர். “எல்லாம் சுகம், அப்பா” என்கின்றார் மகன். தமிழ்க் குடும்பங்களில் இது அரிய காட்சியன்று. இதன் ஊற்று அன்பு என்பதையும் மறுத்தல் ஆகாது.

இவ்வன்பின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. எண்ணை அறிந்தவர் அடுத்த பரிசோதனை வரையுள்ள நாள்களை எண்ணியே கழித்தல் கூடும். இன்னும் எட்டு ஆண்டுகளுக்கு வாராத நோயை, அல்லது ஒருபோதும் வாராத நோயை, இன்றே மனத்தளவில் நுகரத் தொடங்குதல் கூடும். பயனற்ற அறிவு துன்பமே தரும் என்பதும் மெய்யே.

ஆனால் இவ்வறிவு பயனற்றதன்று. எண் தாழ்ந்திருக்கும்போதே கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்பின் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. அச்சிகிச்சைக்கு விலையும் உண்டு. பல வாரங்கள் நாள்தோறும் சிகிச்சை பெற வேண்டும். கொழும்பை அடுத்த மகரகமைக்குச் செல்வதாயின் வீட்டைவிட்டுத் தங்கவும் வேண்டும். சிறுநீர், குடல், இல்லறம் ஆகியவற்றில் பாதிப்புகள் நேரலாம். மறுபுறம், காத்திருத்தலும் அறிவுடைய தெரிவாகலாம். சத்திரசிகிச்சை பெற்றோர்க்கு உடனே கதிர்வீச்சு அளித்தலையும், எண் உயர்ந்தபின் மட்டும் அளித்தலையும் ஒப்பிட்ட ராடிகல்ஸ் ஆய்வு 2020 இல் வெளியாயிற்று. நோயைக் கட்டுப்படுத்துவதில் உடனடிச் சிகிச்சை மேம்பட்டதாக அது காட்டவில்லை. சிறுநீர்த் தொல்லைகளோ உடனடிச் சிகிச்சை பெற்றோரிடம் மிகுந்திருந்தன. எண்ணைக் கவனித்திருத்தல் பலரைத் தேவையற்ற சிகிச்சையினின்றும் காக்கின்றது. நீண்ட வாழ்நாளுக்கான வாய்ப்பா, இன்றைய உடல் நலனா, எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை நிறுக்கும் தராசு அம்முதியவரின் கையிலன்றி வேறெவர் கையிலும் இல்லை. அறிக்கையை மறைக்கும் மகன் தந்தையின் துயரை மட்டும் தவிர்க்கவில்லை. அவருக்குரிய தெரிவையும் எடுத்துக்கொள்கின்றார்.

அறிய விரும்பாதிருக்கும் உரிமையும் மனிதர்க்கு உண்டு. “எனக்கு எண்ணைச் சொல்ல வேண்டாம், வைத்தியரும் நீயும் பேசி முடிவு செய்யுங்கள்” என்று முதியவரே கூறின், அச்சொல் மதிக்கப்பட வேண்டியது. அது அவரது தெரிவு. கேட்கப்படாமலே அறியாமையில் வைக்கப்படுதல் தெரிவன்று. எனவே மகன் முதலில் கேட்க வேண்டியது, “அப்பா, அறிக்கையில் உள்ளதை அறிய விரும்புகிறீர்களா?” என்பதே. அதன்பின்னும், எண்ணை மட்டும் சொல்லி நிறுத்துதல் போதாது. அது சொல்வது எது, சொல்லாதது எது என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் மருத்துவரின் கடமை. அருகிருந்து கேட்டல் குடும்பத்தின் கடமை. அன்பு பயன்படவேண்டிய இடம் அதுவே.

1942 இல் கப்பல்களை வெளியேற்ற ஆணையிட்டோர் தவறிழைத்தனர் என்று, ஹேர்மீசின் முடிவை மட்டும் கொண்டு கூறுதல் நியாயமாகாது. கிடைத்த அறிவைக் கொண்டு, ஆராய வேண்டியோர் ஆராய்ந்தே முடிவு செய்தனர். விளைவு எவர் கையிலும் முழுமையாக இருப்பதில்லை. மருத்துவத்திலும் நன்கு ஆராய்ந்து எடுத்த முடிவு தோற்கலாம். ஆராயாது விட்டவர் நெடுநாள் வாழலாம். ஆயினும் தன் வாழ்வைப் பற்றிய ஆராய்ச்சியில் தானும் அமர்ந்திருந்தவர், தோற்றாலும் தம் வாழ்வைத் தாமே வாழ்ந்தவராவார். நாளைய கடற்போர் நிகழுமா என்பதை எந்த எண்ணும் முடிவாக உரைப்பதில்லை. கப்பலுக்குரியவரிடம் செய்தியை மறைக்கும் அதிகாரம், அவர்மீது அன்பு கொண்டோர்க்கும் இல்லை.