நாட்டுப்பற்று என்னும் சொல்

நூறாண்டுக்கு முன் மேடையிலும் பத்திரிகையிலும் புழங்கியவை தேசபக்தி, தேசாபிமானம் என்ற வடசொற்கள். 1917இல் திரு.வி.க. ஆசிரியர் பொறுப்பேற்ற நாளிதழின் பெயரே 'தேசபக்தன்'. தனித்தமிழ் உணர்வு வலுத்த பிறகே நாட்டுப்பற்று முன்வரிசைக்கு வந்தது. கூட்டுச்சொல் புதிது; அதன் இரண்டு உறுப்புகளும் மிகப் பழையவை.

நாடு என்றால் இன்று கொடியும் எல்லைக்கோடும் உள்ள தேசம். சோழர் கல்வெட்டுகளில் அது சில பல ஊர்கள் சேர்ந்த சிறு நிலப்பகுதி. அதற்கு மேலே வளநாடு, அதற்கும் மேலே மண்டலம். நாட்டின் காரியங்களை நாட்டார் கூடிப் பேசி முடித்தார்கள். ஒரத்தநாடு, செட்டிநாடு என்ற பெயர்களில் அந்தச் சிறிய அளவு இன்னும் தங்கியிருக்கிறது. நாட்டுக்கோழி, நாட்டுமருந்து என்று சொல்லும்போதும் நம் மண்ணில் விளைந்தது, பழகியது என்பதைத்தான் சொல்கிறோம்.

பற்று இன்னும் சுவையான சொல். ஒட்டுவது, பிடிப்பது என்பதே அதன் அடிப்படை. தலைவலிக்கு நெற்றியில் போடுவது பற்று. சோறு ஒட்டிய பாத்திரம் பற்றுப் பாத்திரம். பேச்சில் பத்துப் பாத்திரம். நெருப்பும் பற்றுகிறது. மனம் ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்வதும் பற்றுதான். ஆகவே துறவு பேசியவர்களுக்கு இது விட்டொழிக்க வேண்டிய தளையாக இருந்தது. 'அபிமானம்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். உடலை 'நான்' என்றும் உடைமையை 'எனது' என்றும் எண்ணும் மயக்கத்தை வேதாந்திகள் அப்படி அழைத்தார்கள். துறவிகள் உதறச் சொன்ன இரண்டு சொற்கள் விடுதலைப் போராட்ட நூற்றாண்டில் பொதுவாழ்வின் அறமாக உயர்ந்தன. தமிழ்ச் சொற்களின் வரலாற்றில் இது பெரிய திருப்பம் என்பேன்.

திருக்குறளில் நாடும் பற்றும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. பற்றைப் பற்றிய பேச்சு 35ஆம் அதிகாரமான துறவில். நாடு 74ஆம் அதிகாரம், பொருட்பாலில். அங்கே வள்ளுவர் கணக்கெடுப்பவை குறையாத விளைச்சல், மேல்நீர், கீழ்நீர், மலை, ஆறு, அரண். பசியும் நோயும் பகையும் இருக்கக்கூடாது. உள்ளிருந்தே அழிக்கும் குழுக்களும் கூடாது. நாடு மக்களுக்கு என்ன தரவேண்டும் என்பதே அவருக்கு முதல் கேள்வி. நாட்டுப்பற்றை அளந்து சான்றிதழ் கொடுக்கக் கிளம்புகிறவர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வதே இல்லை. எனக்கு அது பெரும் குறையாகப் படுகிறது. அந்தப் பத்துக் குறளையும் ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். நாட்டை நேசிக்கும்படி மக்களுக்கு இட்ட கட்டளை ஒன்றுகூட அதில் இல்லை.