கல்லும் சம்மதமும்
உயிருக்கு உறுதி தர முடியாதபோது உடலை அறுப்பது அறமா? இப்போகிரட்டீஸ் பெயரிலான உறுதிமொழி, கல்லுக்கான அறுவையை அத்தொழில் அறிந்தவர்களிடமே விட்டுவிடச் சொல்கிறது. சுசுருத சம்ஹிதையோ, சிறுநீர்ப்பைக் கல்லை அறுக்காவிட்டால் சாவு நிச்சயம், அறுத்தால் பிழைப்பது சந்தேகம், எனவே அரசனின் அனுமதி பெற்று அறுக்கலாம் என்கிறது. சந்தேகத்தை மறைக்காத இந்த நேர்மையே எனக்கு உயர்வாகப் படுகிறது. அரசனைக் கேட்டதுதான் குறை, வலி நோயாளியுடையது அல்லவா?

இன்று ஆபத்து குறைந்துவிட்டதே, சம்மதம் வெறும் கையெழுத்துதானே என்பார்கள். அப்படியில்லை. 1980இல் மியூனிக்கில் மனிதருக்கு முதலில் செய்யப்பட்ட, சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே உடைக்கும் அதிர்வலைச் சிகிச்சையில் கத்தியில்லை. ஆனால் துகள்கள் தங்கி, மறுபடி செய்ய நேரலாம். 2 செ.மீ.க்கு மேற்பட்ட சிறுநீரகக் கல்லை முதுகில் துளையிட்டு எடுத்தால் முழுதாக நீங்கும் வாய்ப்பு அதிகம். ரத்தக்கசிவு ஆபத்தும் அதிகம். எந்த விலையைத் தாங்கலாம் என்று தீர்மானிக்க வேண்டியவர் நோயாளி. மருத்துவர்களே, படிவத்தை நீட்டும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.