போகக்கூடாத இடம்

ஆங்கில ஏடுகளில் நாம் அடிக்கடி காணும் சொல்லாட்சி ‘நோ கோ ஏரியா’. போகக்கூடாத பகுதி எனத் தமிழில் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் போகக்கூடாதவர் யார், தடுத்தவர் யார் என்னும் வினாக்களுக்கு அச்சொல்லில் விடையில்லை. (நம் தமிழாக்கத்திலும் இல்லை.)

வேலி தன்னளவில் தீதன்று. கார்மேல் கன்னியர் மடத்தின் உட்பகுதியும் வெளியாருக்கு மூடப்பட்டதே. ஆயினும் அக்கதவை உள்ளே வாழ்வோர் தம் வார்த்தைப்பாட்டினால் தாமே மூடிக்கொண்டனர்.

வட அயர்லாந்தின் கலவர ஆண்டுகளில் இச்சொல் பெரிதும் வழங்கியது. டெரி நகரின் போக்சைடு, கிரெகன் ஆகிய கத்தோலிக்கக் குடியிருப்புகளின் மக்கள், காவல்துறையையும் படையையும் அஞ்சி, 1969-லும் மீண்டும் 1971-லும் தெருக்களில் தடுப்புகளை எழுப்பினர். அரசினர்க்கு அது போகக்கூடாத பகுதி. அங்கிருந்த வீட்டுச் சுவரொன்றில் 1969 ஜனவரியில் எழுதப்பட்ட வாசகமோ, ‘சுதந்திர டெரிக்குள் இப்போது நுழைகிறீர்கள்’ என்பது. எல்லை ஒன்றே; நிற்கும் பக்கத்திற்கேற்பப் பெயர் மாறுகிறது.

அந்த அச்சம் வீணானதன்று. 1972 ஜனவரி 30 அன்று போக்சைடில் பேரணியினர்மீது படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். அடிபட்ட சிறுவனைத் தூக்கிச் சென்றோரின் முன்னே, கைக்குட்டையை அசைத்தபடி குனிந்து நடந்த குருவானவர் எட்வர்டு டேலியின் படத்தை உலகம் கண்டது. பின்னாளில் அவர் அவ்வூரின் ஆயரானார்.

இத்தோடு நிறுத்தினால் நாம் பாதி உண்மையே உரைத்தவராவோம். அதே ஆண்டு மே மாதம், பிரித்தானியப் படையில் பணியாற்றிய வில்லியம் பெஸ்ட் என்னும் 19 வயது இளைஞர் விடுப்பில் கிரெகனிலுள்ள பெற்றோர் வீட்டுக்கு வந்தார். அயர்லாந்துக் குடியரசுப் படையின் ஒரு பிரிவினர் அவரைப் பிடித்துச் சுட்டுக்கொன்றனர். பிறந்த வீடு அவருக்குப் போகக்கூடாத இடமெனத் தீர்த்தவர் யார்? அவ்வூர்ப் பெண்களே அக்கொலையாளரின் தலைமையிடத்திற்குத் திரண்டுசென்று கேட்டனர். அரசுப் படை தடுப்புகளை அகற்ற வந்தது அவ்வாண்டு ஜூலை 31-இல்தான். தடுப்புக்குள் துப்பாக்கி ஏந்தியவரை முதலில் தட்டிக்கேட்டவர் இப்பெண்களே என்பது நம் கருத்து.

இன்று தடுப்பே இல்லாத ஊர்மீதும் இச்சொல்லைச் சுமத்துகின்றனர். இங்கிலாந்தின் பர்மிங்காம் முஸ்லிம் அல்லாதார் போகவே முடியாத நகரம் என்று 2015 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒருவர் கூறினார். கத்தோலிக்கப் பேராயர் ஒருவரின் பேராலயம் அமைந்த நகரம் அது! சில நாள்களில் அவரும் மன்னிப்புக் கேட்டார், தொலைக்காட்சியும் கேட்டது.