எதுவரைக்கும் சுரண்டுவது?

வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் அடித்தும் கறை மேலே வந்துவிட்டது. மேனாம்பேட்டுப் பட்டறை ஒன்றில் பழைய மெட்டடார் வேன் கேரவனாக மாறிக்கொண்டிருந்தது. உள்கூரையின் ஒட்டுப்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு வட்டம். ஓரம் மட்டும் கருப்பு.

“உள்ள இருக்கிறது வெளிய வருது சார். மூணாவது கோட் அடிச்சாலும் வரும்,” என்றார் பெயிண்டர்.

வேன்காரர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கறையின் காரணம் அவருக்குப் புரிந்தது. கூரை இணைப்பில் கசிந்த மழைநீர் மரத்தின் சாயத்தைக் கரைத்து, காயும்போது ஓரத்தில் சேர்த்துவிட்டது. தண்ணீர் கலந்து அடிக்கிற எமல்ஷன் அதைத் திரும்பக் கரைத்து மேலே இழுக்கிறது. ஒழுகலை அடைத்து, பலகையை நன்றாக உலரவிட்டு, மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் கறை நிற்கும்.

ஆனால் சுற்றிலும் பழைய பெயிண்ட் பொருக்குவிட்டிருந்தது. அதைச் சுரண்டுவதா, அதன்மேலேயே பூசுவதா? அந்த வட்டம் இரவிலும் அவர் கண்ணில் நின்றது.

சிறுவயதில் பொங்கலுக்கு வெள்ளையடிக்குமுன் தாத்தா சுவரைச் சுரண்டச் சொல்வார். நீலம் கலந்த சுண்ணாம்பு ஏடு ஏடாக உதிரும். ஒவ்வொரு ஏடும் ஒரு பொங்கல். மண் தெரியும்வரை சுரண்டினால் தாத்தா கையைப் பிடித்துக்கொள்வார்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எப்போதோ படித்ததும் ஞாபகம் வந்தது. 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற ஆய்வாளர், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்த சோழர் ஓவியத்தைக் கண்டார். பின்னாளில் தொல்லியல் துறை மேலடுக்கைப் பெயர்த்து ஃபைபர் பலகையில் ஏற்றியது. இரண்டும் பிழைத்தன.

வேன்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் நடுவேயும் இப்படி மூடிக்கிடக்கிற ஒன்று உண்டு: பழைய பாகப்பிரிவினைப் பேச்சு. அதைத் தொடாமலே கல்யாணம், காதுகுத்து என்று கலகலப்பாகப் பழகுகிறார்கள். அந்தக் கலகலப்பு பொய்யில்லை. ஆனாலும் ஏதாவதொரு வார்த்தையில் அந்தப் பழைய பேச்சு கசிகிறது.

பழைய பெயிண்டைச் சுரண்டுவதிலும் ஆபத்து உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வேனின் பழைய பூச்சில் என்ன இருக்கிறதோ. உப்புத்தாளால் நனைக்காமல் தேய்த்தால் அந்தத் தூசி பெயிண்டரின் மூச்சில்தான் போகும். அழுத்தித் தேய்த்தால் பலகையின் மெல்லிய மேல்தோலும் போய்விடும். விட்டுவைத்தாலோ, பழைய பூச்சு புதியதையும் சேர்த்துக்கொண்டு உரியும்.

பெயிண்டரை அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். பலகைக்கு ஒரு வழி பிறந்துவிடும் என்று நினைக்கிறார். அண்ணனிடம் அந்தப் பேச்சை எடுப்பதா வேண்டாமா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.